பிளேட்டரும் ஒரு பிரெஷர் குளிசையும்

ரொறன்ரோவில் ஆங்கிலத்தைப் பிளேட்டரைப் போல் பாடுபடுத்திய மனிதர் வேறு எவரும் இல்லை. மற்றவர்கள் அதைப் படித்தார்கள், பேசினார்கள், பேச வராவிட்டால் பேசாமல் இருந்தார்கள். பிளேட்டர் அதைத் துரத்தினார். அதுவும் 401 நெடுஞ்சாலையில், மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில், வேறொருவர் ஓட்டும் வான் வண்டியில் உட்கார்ந்துகொண்டு.

பிளேட்டர் என்பது பட்டப்பெயர். உணவகத்தில் பிளேட் கழுவியவர் என்று நினைக்கவேண்டாம். இது காரின் நம்பர் பிளேட். அவருடைய உண்மையான பெயர் எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். எழுதினால் அவர் இப்போது இருக்கும் அஜக்ஸ் நகரத்தில் இருந்து போன் வரும், ஒரு மணித்தியாலம் வைக்கமாட்டார்.

அந்த நாட்களில் நாங்கள் மல்வேர்னில் இருந்து ஒஷாவாவுக்கு வேலைக்குப் போனோம். தயிர் டப்பாவுக்கு மூடி செய்யும் தொழிற்சாலை. டப்பாவை வேறெங்கோ செய்தார்கள். அதை நாங்கள் கண்ணால் கண்டதில்லை. மூடி, மூடி, மூடி. ஏஜென்சி பிடித்துக் கொடுத்த வேலை. நாளைக்கு வரவேண்டாம் என்று எந்த நாளும் சொல்லலாம். என் பெயர் சாந்தி. பெயர் வைத்தவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். அந்த மூடிகளை அடுக்கி அடுக்கி எனக்கு ஏறிய கோபம் இன்றைக்கும் முழுதாக இறங்கவில்லை.

எங்களை ஏற்றிப் போனது ரமீஸ் நானாவின் வான். நானா யாழ்ப்பாணத்து முஸ்லிம், அவர்கள் அண்ணனை நானா என்பார்கள். தொண்ணூறாம் ஆண்டு எங்கள் இயக்கப் பெடியள் முஸ்லிம் சனத்தை ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது, கையில் ஒரு பையோடு வெளியேறியவர். இங்கே வந்து, ஒவ்வொரு காலையும் ஒரு வான் நிறையத் தமிழரை வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்தத் தொண்ணூறைப்பற்றி அவரும் பேசமாட்டார், நாங்களும் பேசமாட்டோம். அவருக்குப் பக்கத்து ஆசனம் பிளேட்டருக்கு. பின்னால் நானும் வதனியும். அதற்கும் பின்னால் சிவம். மிச்ச ஆட்கள் நித்திரை.

வான் 401இல் ஏறியதும் பிளேட்டர் நிமிர்ந்து உட்காருவார். முன்னால் போகும் காரின் பிளேட்டில் உள்ள எழுத்துகளைப் பார்ப்பார். பழைய கார் என்றால் மூன்று எழுத்து, புதிய கார் என்றால் நாலு. அந்த எழுத்துகள் எல்லாம் அதே வரிசையில் வருகிற ஓர் ஆங்கிலச் சொல்லைக் கண்டுபிடிக்கவேண்டும். இடையில் வேறு எழுத்துகள் எத்தனை வந்தாலும் பரவாயில்லை. ஆட்பெயர், ஊர்ப்பெயர் கூடாது. கார் கண்ணுக்கு மறைவதற்குள் சொல்லவேண்டும். இதுதான் விளையாட்டு. இதை விளையாட்டு என்று அவருக்கு முன்னால் சொன்னால் முகம் கறுக்கும்.

முதல் நாள் நான் அந்த வானில் ஏறி, ஹீற்றர் வேலைசெய்யவில்லை என்று நானாவோடும், கால் நீட்டுகிறான் என்று சிவத்தோடும், மலிவான ஷாம்பு மணக்கிறது என்று வதனியோடும் சண்டை பிடித்து முடித்த நேரம், முன்னால் ஒரு துருப்பிடித்த கார். பி, எல், ஆர்.

"பெலிஜரன்ட்," என்றார் பிளேட்டர்.

"அப்பிடியெண்டா என்ன?" என்று கேட்டேன்.

"எந்நேரமும் சண்டைக்கு நிக்கிற ஆக்கள்."

"ஆரைச் சொல்லுறியள்?"

"பிள்ளை, நான் காரைச் சொன்னனான்."

வான் முழுக்கச் சிரித்தது. நித்திரையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அன்றே அவரை எனக்குப் பிடிக்காமல் போனது.

வதனியின் மடியில் எப்போதும் ஒரு தடித்த டிக்சனரி இருக்கும். பிளேட்டருடையது. அட்டை கழன்று, தொழிற்சாலையில் மூடி கட்டுகிற பிளாஸ்டிக்கால் சுற்றி வைத்திருந்தார். அவர் சொல்லைச் சொன்னதும் வதனி தேடிப் பார்த்து "இருக்கு" என்று சொல்லவேண்டும். அப்போதுதான் அது சொல். "இல்லை" என்றால் பிளேட்டர் திரும்பி, வதனியின் வீட்டுக் கண்ணாடியை உடைத்துவிட்டவர்போல மன்னிப்புக் கேட்பார். ஒருநாள் சிவம் பகிடிக்கு ஏதோ ஒரு சொல்லை உண்டாக்கிச் சொன்னான். வதனி தேடிக் களைத்துப் போனாள். பிளேட்டர் ஒரு கிழமை அவனோடு கதைக்கவில்லை.

"உதென்ன அண்ணை, ஒரு சொல்லுக்குப் போய்," என்றான் சிவம்.

"டிக்சனரியிலை இல்லாத சொல்லைச் சொல்லுறது சில்லு இல்லாத காரை விக்கிற மாதிரி. நீ விப்பாய். நான் விக்கமாட்டன்."

காருக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த மனிதருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஓட்டப் பரீட்சைக்குப் போனவர்தான். பரீட்சை வைத்த பெண் வலப்பக்கம் திருப்பச் சொன்னாளாம். முன்னால் போன கார் நேரே போனது, அதற்கு இன்னும் சொல் வரவில்லை. இவரும் நேரே போனார். அடுத்த சந்தியிலும் திருப்பச் சொன்னாள். இன்னும் வரவில்லை. கடைசியில் சொல் வந்து, சந்தோஷத்தோடு காரை நிறுத்தியபோது அவள் கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். "நல்ல பிள்ளை. ஆனால் பொறுமை காணாது," என்று எங்களுக்குச் சொன்னார்.

தொழிற்சாலையில் எங்கள் சூப்பர்வைசர் ஒவ்வொரு காலையும் எல்லோரையும் "ஹவ் ஆர் யூ" என்று கேட்பான். நாங்கள் குட் குட் என்று சொல்லிக்கொண்டே மூடியைப் பார்ப்போம். பிளேட்டர் அன்று வழியில் கண்டுபிடித்த கடினமான சொல் எதுவோ அதைச் சொல்வார்.

"ஹவ் ஆர் யூ?"

"அவலான்ச்."

பனிமலை சரிந்து விழுவதற்கு அதுதான் பெயராம். சூப்பர்வைசர் நின்று பார்த்துவிட்டு, முதலுதவிப் பெட்டியோடு ஒருத்தியை அனுப்பினான். கோப்பி வாங்கப் போனால் "ஸ்மோல்" என்ற சொல் அவருக்கு வாயில் வராது, விரலால்தான் காட்டுவார். ஆனால் பனிமலை சரிந்தால் என்ன சொல்லவேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

பனிக்காலம் அவருக்குப் பகை. பனி பிளேட்டை மூடிவிடும். ஒருநாள் மல்வேர்னில் ஒரு பிளாசாவின் கார் நிறுத்துமிடத்தில், குனிந்து ஒரு காரின் பிளேட்டைக் கையுறையால் துடைத்துக்கொண்டிருந்தார். கதவு திறந்தது. பொலிஸ்காரன். பிளேட்டரின் ஆங்கிலம் அந்த நேரம் பார்த்து எங்கோ போய்விட்டது. கையை உயர்த்திக்கொண்டு, தெரிந்த சொற்களை எல்லாம் வரிசையாகச் சொல்லி விளக்கினார். கொஞ்ச நேரத்தில் பொலிஸ்காரனும் காரைவிட்டு இறங்கி, தன்னுடைய பிளேட்டுக்கு முன்னால் நின்று தாடையைச் சொறிந்தான். நான் மரக்கறிப் பையோடு அந்தப் பக்கம் வந்து இந்தக் காட்சியைப் பார்த்தேன். பார்க்காததுபோலப் போய்விட்டேன். தெரிந்த ஆள் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

கொஞ்சக் காலத்தில் மல்வேர்ன் சனம் அவரைச் சாத்திரியாக்கிவிட்டது. எங்கள் ஆட்கள் புதுக் கார் வாங்கினால் கோயிலுக்குக் கொண்டுபோய், ஐயரைக் கொண்டு அர்ச்சனை செய்து, சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்து, அதற்குப் பிறகு பிளேட்டரிடம் கொண்டுபோவார்கள். பிளேட்டில் என்ன சொல் வருகிறது, நல்ல சொல்லா, கூடாத சொல்லா. ஐயருக்குத் தட்சணை. இவருக்கு ஒரு தேத்தண்ணி.

மரக்கறிக் கடை வைத்திருந்த தவமும் கொண்டுபோனார். ஏ, சி, டி, என். பிளேட்டர் யோசிக்காமல் வாயைத் திறந்தார்.

"அக்சிடென்ட்."

தவத்தின் முகம் வெளிறிப்போனது. அந்தக் காரை அவர் ஓட்டவில்லை, தள்ளிக்கொண்டுதான் போனார் என்று சிவம் சொல்வான். அடுத்த நாளே வரிசையில் நின்று, காசு கட்டி, வேறு பிளேட் மாற்றிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை கடையில் நல்ல சனம். பிளேட்டர் மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"தவம், அசெண்டிங். ஏ சி டி என். அசெண்டிங். ஏறுமுகம் எண்டு அர்த்தம். காலமை பல்லுத் தீட்டேக்கை வந்தது. இதைவிட நல்ல பிளேட் கனடாவிலை இல்லை."

தவம் அடுக்கியிருந்த தேங்காய்களில் ஒன்றைக் கையில் எடுத்தார். பெரியதாகப் பார்த்து எடுத்தார். அதற்குள் பிளேட்டர் வெளியே.

"அவசரப்பட்டிட்டான்," என்று அடுத்த நாள் வானில் கவலைப்பட்டார். "ஒரு கூடாத சொல் வந்தா உடனை முடிவு எடுக்கக்கூடாது. கொஞ்சம் பொறுத்தா அதே எழுத்துக்குள்ளையிருந்து ஒரு நல்ல சொல் வரும். வராமல் விடாது."

இரண்டாயிரத்து ஒன்பது பிறந்தது. வன்னியில் சண்டை இறுகியது. அந்த வானில் இருந்த எல்லோருக்கும் அங்கே ஆட்கள் இருந்தார்கள். வதனிக்கு அண்ணன். எனக்குச் சித்தப்பா குடும்பம். பிளேட்டருக்கு ஒரே ஒரு தங்கச்சி, அவளுடைய புருஷன், இரண்டு பெண்பிள்ளைகள். பிளேட்டர் கலியாணம் கட்டாதவர். அந்தத் தங்கச்சியைத் தவிர உலகத்தில் அவருக்கு வேறு சொந்தம் இல்லை. தைப்பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் போன் எடுத்து, "அண்ணை, இடம் மாறப்போறம், பிறகு எடுக்கிறன்" என்றாளாம். பிறகு எடுக்கவில்லை.

வானில் சிரிப்பு நின்றது. முதலில் தமிழ் ரேடியோ ஓடியது. செய்தி கேட்டு வதனி அழத்தொடங்கினாள் என்று நானா அதையும் நிறுத்தினார். சனி ஞாயிறுகளில் டவுன்ரவுனுக்குப் போய்ப் பதாகை பிடித்தோம். திங்கட்கிழமை மூடி அடுக்கினோம். அந்த வானுக்குள் ஒரே ஒரு குரல்தான் கேட்டுக்கொண்டிருந்தது. எழுத்துகளை முணுமுணுத்து, சொல்லைச் சொல்லி, வதனியைத் திரும்பிப் பார்க்கிற குரல். முந்தி ஒன்றிரண்டு காரைத் தவறவிட்டால் கையை விரிப்பார். இப்போது ஒன்றையும் விடவில்லை. வியர்த்து வியர்த்துத் தேடினார்.

ஒருநாள் நெடுஞ்சாலையை விட்டு நாங்கள் இறங்கவேண்டிய எக்ஸிட் வந்தது. நானா சிக்னல் போட்டார். பிளேட்டர் அவருடைய கையைப் பிடித்தார்.

"நானா, கொஞ்சம் பொறுங்கோ. உந்தக் காருக்குப் பின்னாலை போங்கோ. இன்னும் வரேல்லை."

நானா சிக்னலை நிறுத்திவிட்டு நேரே விட்டார். எக்ஸிட் போய்விட்டது. எனக்குப் பொறுக்கவில்லை.

"அங்கை சனம் சாகுது. நீங்கள் இஞ்சை இருந்து எழுத்துக் கூட்டுறியள். மனிசன்தானே நீங்கள்? வேலைக்கு லேற் ஆனா ஏஜென்சிக்காரன் என்னை நிப்பாட்டுவான். நீங்களே எனக்குச் சோறு போடுவியள்?"

அவர் திரும்பவில்லை. முன்னால் போன காரையே பார்த்தபடி சொன்னார்.

"சாந்தி, நான் ஒரு நேர்த்தி வைச்சிருக்கிறன். மற்ற ஆக்கள் காவடி எடுக்கினம், விரதம் இருக்கினம். எனக்கு அது வராது. மல்வேர்னிலையிருந்து ஒஷாவா போய்ச் சேருமட்டும் எங்களுக்கு முன்னாலை போற கார் ஒண்டையும் சொல் இல்லாமல் விடமாட்டன். விடாத வரைக்கும் அவள் இருப்பாள்."

பின்னால் இருந்து சிவம் மெதுவாகக் கேட்டான்.

"விட்டால்?"

"விடமாட்டன்."

அது விசர்த்தனம். எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியாமல் இருக்காது. ஆனால் அந்த மாதங்களில் பெரிய பெரிய அரசாங்கங்கள் எல்லாம் கூடிச் செய்துகொண்டிருந்த காரியங்களைவிட அது பெரிய விசர்த்தனமாக எனக்குப் படவில்லை.

அடுத்த நாள் காலை, முன்னால் ஒரு வெள்ளைக் கார். பி, ஏ, கே, எஸ். பிளேட்டர் வாயைத் திறக்குமுன் என் வாயில் வந்துவிட்டது. "பிரேக்ஃபாஸ்ட்." நான் அன்று சாப்பிடாமல் வந்திருந்தேன், அதுதான் காரணம். வதனி டிக்சனரியைத் திறக்காமலே "இருக்கு" என்றாள். பிளேட்டர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

அன்றில் இருந்து முழு வானும் தேடியது. ஆங்கில வகுப்பில் ஒழுங்காக ஒரு மாதம் இருக்காத கூட்டம். நித்திரை கொள்ளும் ஆட்கள் எழும்பினார்கள். சிவத்துக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பாதிக்கு மேல் தூஷணம்.

"தூஷணமும் சொல்தானே அண்ணை?"

"டிக்சனரியிலை இருந்தாச் சொல்."

வதனி தேடினாள். முகம் சிவந்து, தலையை நிமிர்த்தாமல், "இருக்கு" என்றாள். நானா "அஸ்தஃபிருல்லாஹ்" என்றார். ஆனால் அடுத்த காரும் திணறடித்தபோது, "சிவம் தம்பி, உங்களிட்டை வேறை ஒண்டும் இல்லையோ" என்று கேட்டவரும் நானாதான். அந்தக் கிழமை பிளேட்டரின் தங்கச்சியைக் காப்பாற்றியது சிவத்தின் இரண்டு தூஷணங்கள்.

ஒரு காலையில் பழைய பிக்கப் ஒன்று குறுக்கே வந்தது. என், கே, ஆர். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே சொல் வந்தது. எங்கள் சனத்துக்கு ஆங்கிலம் என்றே தெரியாமல் தெரிந்த சொல். பங்கர். அந்த நேரம் எங்களுடைய ஆட்கள் எல்லாம் ஷெல்லுக்குப் பயந்து மண்ணில் வெட்டிய அந்தக் குழிகளுக்குள்தான் இருந்தார்கள். ஒருவரும் அந்தச் சொல்லை வாயால் சொல்லவில்லை.

பிளேட்டர் தொண்டையைச் செருமினார். "டிரிங்கர்," என்றார். "குடிகாரன். எங்கடை சிவத்தின்ரை வாகனம்போலை கிடக்கு."

"நான் வெள்ளிக்கிழமையிலை மட்டுந்தான் அண்ணை."

அன்று கன நாளைக்குப் பிறகு வதனி சிரித்தாள்.

மே மாதம். சண்டை முடிந்துவிட்டது என்று செய்தி வந்ததற்கு அடுத்த நாள். வேலைக்குப் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் வீட்டில் இருந்து என்ன செய்வது. எல்லோரும் வந்து ஏறினோம். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. பிளேட்டர் சவரம் செய்யவில்லை. ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பிக்கரிங்கில் ஒன்று, அஜக்ஸில் இரண்டு என்று கார்கள் வந்தன. சொற்களும் வந்தன. ஒஷாவாவை நெருங்கும்போது ஒரு கறுத்தக் கார் எங்களுக்கு முன்னால் நுழைந்தது.

ஏ, இசட், எக்ஸ், வி.

நான் ஒருதரம் வாசித்தேன். மறுதரம் வாசித்தேன். இந்த எழுத்துகளை இப்படி அடுக்கி வைத்த உத்தியோகத்தன் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் இன்றைக்கு நான் சிறையில் இருந்து இதை எழுதிக்கொண்டிருப்பேன்.

பிளேட்டரின் உதடு அசைந்தது. சிவம் பின்னால் இருந்து ஏதேதோ சொன்னான், ஒன்றும் பொருந்தவில்லை. எக்ஸிட் வந்தது. நானா சிக்னல் போடவில்லை. நேரே விட்டார். ஒருவரும் வேலையைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை. அடுத்த எக்ஸிட்டும் போனது. ஒஷாவா முடிந்து வயல்கள் தொடங்கின. கறுத்தக் கார் வெளியே இறங்கி ஒரு பெற்றோல் நிலையத்துக்குள் போனது. நானாவும் போய்ப் பின்னால் நிறுத்தினார். ஒரு வெள்ளைக்காரக் கிழவன் இறங்கிப் பெற்றோல் அடித்தான். ஒரு வான் நிறையச் சனம் தன்னுடைய காரின் பின்பக்கத்தை உற்றுப் பார்ப்பதைக் கண்டு, தானும் வந்து குனிந்து பார்த்தான். ஒன்றும் தெரியாமல் போய்க் காசு கட்டினான். திரும்பி வந்தான். கார்க் கதவைத் திறந்தான்.

"இல்லை," என்றார் பிளேட்டர். எங்களுக்குச் சொல்லவில்லை. "உதுக்குள்ளை சொல் இல்லை."

அவருடைய முதுகு மெல்ல ஆசனத்தில் சரிந்தது. அவரை அப்படிச் சரிந்து நான் கண்டதில்லை.

"அசோக்ஸவில்," என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"என்ரை பிரெஷர் குளிசை. காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு. அசோக்ஸவில்."

எனக்குப் பிரெஷர் இருந்தது உண்மை. நான் போட்ட குளிசையின் பெயர் எனக்கு இன்றைக்கும் தெரியாது. வெள்ளையாக இருக்கும்.

பிளேட்டர் திரும்பினார். "எழுத்துக் கூட்டு பிள்ளை."

"ஏ. இசட். ஓ. எக்ஸ். ஏ. வி. ஐ. எல்." ஒரு எழுத்தும் தடக்கவில்லை. வாழ்க்கையில் நான் ஆங்கிலத்தில் பிழையில்லாமல் எழுத்துக் கூட்டிய ஒரே சொல் அதுதான்.

"பெயரெல்லோ அது?"

"பெயரில்லை. மருந்து."

சிவம் நான் சொன்ன எதையும் ஒருநாளும் ஒத்துக்கொண்டவன் இல்லை. "ஓம் அண்ணை," என்றான். "என்ரை அம்மாவும் அதுதான் போடுறவ. சாப்பாட்டுக்குப் பிறகு."

பிளேட்டர் நானாவைப் பார்த்தார். நானா பொய் சொல்லாத மனிதர். ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு, "நான் வாகனம் ஓட்டுறவன். மருந்தைப் பற்றி எனக்கென்ன தெரியும். சாந்தி தங்கச்சி சொன்னா நான் நம்புறன்," என்றார்.

இனி வதனி. டிக்சனரி அவள் மடியில். அந்த மாதம் முழுக்க அவளுடைய அண்ணனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அவள் மெதுவாகப் பக்கங்களைப் புரட்டினாள். ஏ முடியும் இடத்துக்குப் போனாள். விரலை வைத்துக் கீழே கீழே இறக்கினாள். ஒரு இடத்தில் நிறுத்தினாள். அந்த இடத்தில் என்ன இருந்ததோ கடவுளுக்குத்தான் தெரியும். புத்தகத்தை மூடினாள்.

"இருக்கு அண்ணை."

கறுத்தக் கார் புறப்பட்டுப் போனது. பிளேட்டர் மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "நானா, வேலைக்குப் போவம். பிள்ளையளுக்கு லேற் ஆகுது," என்றார்.

தொழிற்சாலையில் சூப்பர்வைசர் கத்தினான். நான் திருப்பிக் கத்தினேன். நான் கத்தியதில் அவன் அடுத்த நாளும் வரச்சொல்லிவிட்டான்.

அதன் பிறகும் காத்திருந்தோம். ஆடி மாதம் ஒருநாள் காலை, பிக்கரிங்குக்குக் கிட்ட, பிளேட்டரின் போன் அடித்தது. முள்வேலிக்குள் இருந்த முகாம் ஒன்றில் இருந்து யாரோ ஒருவருடைய போனில் தங்கச்சி பேசினாள். அவளும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். புருஷன் இல்லை. பிளேட்டர் "ஓம், ஓம்" என்று மட்டும் சொன்னார். முன்னால் கார்கள் போய்க்கொண்டிருந்தன. அன்று ஒஷாவா போய்ச் சேரும்வரை அவர் ஒரு பிளேட்டையும் பார்க்கவில்லை.

வதனியின் அண்ணன் வரவில்லை. இருக்கிறான் என்றோ இல்லை என்றோ இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. என் சித்தப்பாவின் குடும்பத்தில் மிச்சம் ஒரு பெடியன். அவர்களுக்கும் சேர்த்துத்தான் நாங்கள் அந்த வானில் சொல் தேடினோம். ஆகவே இது பலித்தது, அது பலித்தது என்று எனக்கு ஒருவரும் கடிதம் எழுதவேண்டாம். கிழித்துப் போடுவேன்.

பிறகு மூடிக் கொம்பனியை மூடினார்கள். தங்கச்சியும் பிள்ளைகளும் பல வருடம் இந்தியாவில் கிடந்து, எப்படியோ வந்து சேர்ந்தார்கள். பிளேட்டர் அஜக்ஸில் ஒரு வீடு எடுத்தார். புதுவீட்டுக் குடிபூரலுக்குப் போனேன். கதவைத் திறந்த பெண் என்னைக் கண்டதும், "நீங்கள்தானே குளிசை அக்கா?" என்றாள். கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "அண்ணை அண்டைக்கே வீட்டை போய்த் தேடிப் பாத்தவராம். டிக்சனரியிலை அப்பிடி ஒரு சொல் இல்லையாம்."

நான் நேரே குசினிக்குப் போனேன். பிளேட்டர் வடை தின்றுகொண்டிருந்தார்.

"தெரிஞ்சுகொண்டே பேசாமல் இருந்தனியள்? சில்லு இல்லாத கார் எண்டெல்லாம் சிவத்துக்குச் சொன்னியளே."

அவர் வடையைக் கீழே வைத்தார்.

"வதனி இருக்கெண்டு சொன்னவள். தமையன் இருக்கிறானோ எண்டு தெரியாமல் அந்த இருப்பு இருந்த பிள்ளை, எனக்கு இருக்கெண்டு சொல்லுறாள். அதை இல்லையெண்டு சொல்ல நான் ஆர்?"

அவருடைய வடையில் மிச்சத்தை எடுத்துத் தின்றேன்.

போன பங்குனியில் நான் ஒரு கார் வாங்கினேன். புதுக் கார். வாழ்க்கையில் முதல்முறை. இந்தப் பிளேட் சாத்திரத்தில் எனக்கு ஒரு நம்பிக்கையும் இல்லை. கோயிலுக்குக் கொண்டுபோய்த் தேசிக்காய் நசித்துவிட்டு, பார்த்தால் பார்க்கட்டும் என்று அஜக்ஸ் பக்கம் விட்டேன். பிளேட்டருக்கு இப்போது முழங்கால் சரியில்லை. தடியை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தார். சுற்றிப் பார்த்தார். பிளேட்டுக்கு முன்னால் நின்றார்.

சி, எக்ஸ், பி, இசட்.

எனக்குக் கார் வாங்கிய கடையிலேயே தெரியும், இதற்குச் சொல் இல்லை. என் அதிர்ஷ்டம் அப்படித்தான். ஆனால் அவர் அசையவில்லை. குளிர் காற்று அடித்தது. உதடு அசைந்தது. உள்ளே வாருங்கோ, முழங்கால் விறைக்கும் என்று கத்தினேன். காதில் விழுத்தவில்லை. கடைசியில் நிமிர்ந்தார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

"கொக்ஸபஸ்."

"அப்பிடியெண்டா?"

"ஆபிரிக்காவிலை ஒரு குருவி. எந்நேரமும் கத்திக்கொண்டிருக்கும். ஒருத்தரையும் கிட்ட விடாது. ஆனால் ஆரின்ரை கூட்டிலை குஞ்சு விழுந்தாலும் முதல் பறந்து போறது அதுதான்."

"டிக்சனரியிலை இருக்கோ?"

"இருக்கு," என்றார் பிளேட்டர். சொல்லிவிட்டுத் தடியை ஊன்றி உள்ளே போய்விட்டார்.

என் வீட்டிலும் ஒரு டிக்சனரி இருக்கிறது. நான் இன்னும் திறந்து பார்க்கவில்லை. பார்க்கப்போவதும் இல்லை.